சுகோய் மாப்பிள்ளை, ரஃபேல் மச்சான்

ஸ்வீடன்காரி இன்னும் முதுகுப்பையைக்கூட இறக்கவில்லை. அதற்குள் ராஜமாணிக்கம் வாசற்படியிலேயே நின்று, வலது உள்ளங்கையை விமானமாக்கி, அவள் மூக்குக்கு நேரே ஒரு வளைவு வளைத்துக் காட்டிவிட்டார். “கிரிப்பன்! யுவர் பிளேன்! டர்னிங் வெரி குட். பட் டேங்க் ஸ்மால். கம்மி!” மன அமைதி தேடி அத்தனை தூரம் வந்தவள் அவள். தன் நாட்டுப் போர் விமானத்துக்கு எரிபொருள் கம்மி என்ற சேதியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், பாவம்! “ஓகே,” என்றாள். பிறகு அறையில் ஃபேன் இருக்கிறதா என்று கேட்டாள்.

செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ரமணாசிரமத்துக்கு நடந்தே போகிற தூரத்தில், ராஜமாணிக்கத்தின் வீடு இருக்கிறது. கீழே அவரும் மனைவி அன்புச்செல்வியும். மாடியில் வாடகைக்கு மூன்று அறைகள். வயது ஐம்பத்தேழு, பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பாஸ்போர்ட்டை வாங்கினால் மற்ற வீட்டுக்காரர்கள் விசா தேதியைப் பார்ப்பார்கள். இவர் நாட்டைப் பார்ப்பார். நாட்டைப் பார்த்ததும் அதன் விமானம் ஞாபகத்துக்கு வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களுக்கு மலை தெரிகிற ஜன்னல் அறை. ரஷ்யர்கள் யாராக இருந்தாலும் மேற்கு அறைதான். மத்தியான வெயில் அந்தச் சுவரைச் சுட்டு எடுத்துவிடும். ரஷ்யர்கள் மேல் அவருக்கு எந்த விரோதமும் இல்லை. அவர்களுடைய விமானத்தின் மேல்தான், அதுவும் ஒரு குடும்பக் காரணத்தால்.

காலையில் எழுந்ததும் காப்பிக்கு முன்னால் கைப்பேசியில் இரண்டு சண்டை விமானங்களையாவது பார்த்தாக வேண்டும் அவருக்கு. பார்த்துப் பார்த்து உலகத்தையே இரண்டு கேள்விக்குள் அடக்கிவிட்டார். “எதை எடுத்தாலும் ரெண்டே விஷயந்தாங்க. எவ்ளோ நேரம் நின்னு பிடிக்கும்? எவ்ளோ சீக்கிரம் திரும்பும்? மத்ததெல்லாம் பெயின்ட்டு வேலை.” கிரிவலம் போகிறவர்களை வாசலில் நின்று பார்த்தே மதிப்பெண் போடுவார். “அக்னி லிங்கத்துக்கிட்ட பறந்துக்கினு போறான் பாருங்க, குபேர லிங்கத்துல படுத்துடுவான். அந்தம்மா ஆடி ஆடி வருது, அது முடிச்சுடும்.” தண்ணீர் மோட்டார், பால்காரர், வார்டு கவுன்சிலர் எல்லாருக்கும் மதிப்பெண் உண்டு. மனைவிக்கும் உண்டு. “நின்னு பிடிக்கிறதுல யாரும் கிட்ட வர முடியாது. கோவம் வந்தா மூணு நாளுக்கு டேங்கு தீராது.” இதை அன்புச்செல்வி கடைக்குப் போயிருக்கும்போது மட்டும் சொல்வார். அந்த அளவுக்குத் தற்காப்பு தெரிந்த ஆள்.

குடும்பக் காரணம் என்றேன் அல்லவா, அதுதான் தசரதன். ராஜமாணிக்கத்தின் தங்கை சரசுவின் புருஷன். கீழ்பென்னாத்தூரில் நெல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர். இந்த விமானப் பைத்தியம் இருவருக்கும் ஒரே சமயத்தில் பிடித்தது. பிடித்த விமானம்தான் வேறு. தசரதனுக்கு ரஷ்யாவின் சுகோய். வயிற்றில் ஒன்பது டன்னுக்கு மேல் எரிபொருள் கொள்ளும். ஒரே மூச்சில் மூவாயிரம் கிலோமீட்டர் போகும். ராஜமாணிக்கத்துக்குப் பிரான்சின் ரஃபேல். உள்ளே அதில் பாதிதான் பிடிக்கும். ஆனால் உருவம் சின்னது, எடை கம்மி, வெட்டித் திரும்பும். இரண்டுமே நம் நாட்டு விமானப் படையில்தான் இருக்கின்றன. ஒன்றோடொன்று சண்டை போடும் அவசியம் அவற்றுக்கு இல்லை. அவற்றுக்காக இவர்கள் இருவரும் போட்டார்கள்.

“ஒம்போது டன்னைத் தூக்கிக்கினு எவன்யா திரும்புவான்? சுகோய் திரும்பி முடிக்கிறதுக்குள்ள ரஃபேல் பின்னால வந்து உக்காந்துடும்,” என்பார் ராஜமாணிக்கம். “உன் ரஃபேலு ரெண்டு சுத்து நல்லா சுத்தும் மச்சான். மூணாவது சுத்துல பெட்ரோல் பங்கு எங்கன்னு தேடும்,” என்பார் தசரதன். சுகோயின் புகைவாயே இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வளையும், அதனால் அதுவும் நன்றாகத் திரும்பும் என்று அவர் படம் போட்டுக் காட்டுவார். வளைத்தால் வேகம் செத்துவிடும், அப்புறம் வானத்தில் நின்றுகொண்டு அடி வாங்க வேண்டியதுதான் என்று இவர் அந்தப் படத்தின் மேலேயே எழுதுவார். உண்மையைச் சொன்னால் இதில் ஒரு விமானமும் இல்லை. நடுவயலில் டீசல் தீர்ந்து நின்றுபோனால் அறுப்புக்காரனுக்கு மானம் போய்விடும், ஆகவே தசரதனுக்கு டேங்கு பெரிதாக இருக்க வேண்டும். ராஜமாணிக்கம் செங்கம் சாலையில் ஆட்டோ, மாடு, சாமியார், கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் வெள்ளைக்காரர் எல்லாருக்கும் நடுவே டி.வி.எஸ். ஃபிஃப்டியை நுழைத்து எடுக்கிறவர். அவருக்கு வண்டி திரும்ப வேண்டும்.

சண்டை முற்றியது இரண்டு வருஷத்துக்கு முன், சரசு வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், பந்தியில். பக்கத்துப் பக்கத்து இலை. தசரதன் வடையை எடுத்து, “இது சுகோய்,” என்றார். ராஜமாணிக்கம் அப்பளத்தை எடுத்து, “இது ரஃபேல், வா,” என்றார். சாம்பாருக்கு மேலே வானப் போர் நடந்தது. அப்பளம் அழகாகத்தான் திரும்பியது. ஆனால் அது அப்பளம். வடை இடித்ததும் நொறுங்கிப் பாயசத்தில் விழுந்தது. பந்தியே சிரித்தது. “சுட்டுட்டேன் மச்சான்!” என்று தசரதன் தொடையைத் தட்டினார். ராஜமாணிக்கத்துக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. “சேத்துல மெஷின் ஓட்றவனுக்கு ஆகாசத்தைப் பத்தி இன்னா தெரியும்?” என்றார். “மாடியில ரூம் வாடகைக்கு உட்டா பைலட் ஆயிட முடியுமா?” என்றார் தசரதன். ராஜமாணிக்கம் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்துவிட்டார். தங்கை வீட்டுப் புதுமனையில் அண்ணன் இலையை விட்டு எழுந்தால் அது சும்மா போகிற விஷயமா? இரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

இந்த வருஷம் தை கடைசி வெள்ளிக்கிழமைக்குச் சரசுவின் மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலி ஏறுவதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். கூடப்பிறந்த தாய்மாமன் ராஜமாணிக்கம் ஒருவர்தான். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைக்க சரசு தனியாக வந்தாள். “எங்க உன் வீட்டுக்காரரு?” என்றார். சரசு தலையைக் குனிந்துகொண்டு, “சுகோய்தான்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, வாசல்ல மேளத்தோட நிக்கிறேன்னு சொல்றாரு ண்ணா,” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “அவரு ரஃபேல்னு சொல்லட்டும், நான் முந்தின நாளே வந்து பந்தல் நடறேன்,” என்றார் அண்ணன். பேருக்குத்தான் பெரிய மனுஷர்கள், பாருங்கள்!

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, அவருக்குள் அடித்துக்கொண்டது. கீர்த்தனாவுக்குக் காது குத்தியபோது அவர் மடியில் உட்கார்ந்துதான் கத்தினாள். சட்டைப் பித்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, எடுக்கப் போனவர் விரலைக் கடித்தாள். அந்தப் பெண் மணவறையில் குனிந்து உட்கார்ந்திருக்க, வேறொருவன் கை அவள் நெற்றிக்குப் போவதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. போகவும் வேண்டும், தோற்கவும் கூடாது. அதற்கு மூன்றாம் மனிதர் ஒருவரின் தீர்ப்பு வேண்டும். விவரம் தெரிந்தவர் வாயால் ஒரே ஒரு வார்த்தை.

அந்த மூன்றாம் மனிதர் மாடியில்தான் இருந்தார் என்பது கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் தெரிந்தது. ஜன்னல் அறையில் தங்கியிருந்த ஜெரார் என்ற பிரெஞ்சுக்காரர், வயது எழுபத்துநான்கு. அறையைப் பெருக்கப் போன ராஜமாணிக்கம், மேஜைமேல் கிடந்த புத்தகத்திலிருந்து நழுவிய பழைய புகைப்படத்தைக் கண்டார். முக்கோண இறக்கை வைத்த போர் விமானம், அதன் ஏணியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிய வாலிபன். மூக்கு அதே மூக்கு. ராஜமாணிக்கத்துக்குத் துடைப்பம் கையிலிருந்து விழுந்துவிட்டது. சாட்சாத் விமானி, தன் வீட்டு மாடியில், தன் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டு!

ஆனால் அவர் பேசமாட்டார். நாற்பது நாள் மௌன விரதம். ‘மௌனத்தில் இருக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை கழுத்தில் தொங்கியது. விரதம் முடிய இன்னும் இருபது நாள், கல்யாணத்துக்கோ பத்தே நாள். “ஊர்ல இருக்கிற வெட்டிப் பேச்சுக்காரன் எல்லாம் பேசறான். பேச வேண்டிய ஒரே ஆளு வாயை மூடிக்கினு உக்காந்திருக்கான் பாரு,” என்று புலம்பினார் ராஜமாணிக்கம். “அவரு நிம்மதியா இருக்கத்தான் இங்க வந்தாரு, உங்ககிட்ட மாட்டிக்கினாரு,” என்றாள் அன்புச்செல்வி.

பத்து நாளும் முற்றுகைதான். காலைக் காப்பியோடு போய் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றையொன்று விரட்ட விட்டுக் காட்டி, எது ஜெயிக்கும் என்று புருவத்தால் கேட்டார். ஜெரார் புன்னகைத்தார். மொட்டை மாடியில் சாக்பீஸால் வட்டம் போட்டு, வெளிவட்டம் சுகோய், உள்வட்டம் ரஃபேல் என்று எழுதி வைத்தார். ஜெரார் அதைத் தாண்டிப் போய், மலையைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தலையை ஆட்டினால் போதும், அது பேச்சில் சேராது என்று ஆங்கிலத்தில் வாதாடியும் பார்த்தார். அதற்கும் அதே புன்னகை. “சிரிச்சே கொல்றான்டீ,” என்றார் மனைவியிடம்.

வியாழக்கிழமை கடைசி ஆயுதத்தை எடுத்தார். வெள்ளைத் தாளில் இரண்டு விமானங்களை வரைந்தார். சுகோய் கொஞ்சம் எருமை மாதிரி வந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை என்று சாதிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கட்டம். மேலே கேள்வி: நெருங்கிய சண்டையில் யாருக்கு வெற்றி? ஒரு டிக் போதும். தாளைக் காப்பித் தம்ளருக்கு அடியில் வைத்து, பக்கத்தில் பேனாவையும் திறந்து வைத்துவிட்டு வந்தார். அன்று முழுக்க மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாள் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அன்புச்செல்வி பட்டுப் புடவை கட்டி, சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்து, பூ வைத்துக்கொண்டிருந்தாள். “நீங்க வந்தாலும் வராட்டியும் நான் போறேன். பட்டம் வாங்கி வெச்சிருக்கேன், யார் கட்டுவாங்களோ கட்டட்டும்,” என்று சொல்லியாகிவிட்டது. ராஜமாணிக்கம் கதவைத் திறந்தார். தோளில் துண்டோடு ஜெரார் நின்றிருந்தார். கையில் அந்தத் தாள். அதில் ஏதோ எழுதியிருந்தது! ராஜமாணிக்கம் அதைப் பிடுங்காத குறையாக வாங்கினார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். கட்டங்கள் இரண்டும் காலி. எருமைக்கும் ரஃபேலுக்கும் நடுவே, அழகான ஆங்கிலக் கையெழுத்தில் ஒரு வரி: ‘மூன்று நாளாகக் குளியலறையில் வெந்நீர் வரவில்லை.’

அன்புச்செல்வி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், பத்து நாள் சிரிப்பு. “தீர்ப்பு வந்துடுச்சுங்க! போய் கெய்சரைப் பாருங்க!”

பிளாஸ்டிக் முக்காலியின் மேல் ஏறி, டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு அவர் கெய்சரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சரசு. அன்புச்செல்வி அதை ஸ்பீக்கரில் போட்டுத் தூக்கிப் பிடித்தாள். மண்டபத்துச் சத்தத்துக்கு நடுவே தங்கையின் குரல் கம்மியது. “ண்ணா, நீ வரமாட்டேன்னு நினைச்சு பெரியப்பா புள்ள கோபியை உக்கார வெச்சிட்டாங்க. மாலை கூடப் போட்டாச்சு. கீர்த்தனா வாசலையே பாத்துக்கினு இருக்கா. ஒம்போது மணிக்கு முகூர்த்தம். அப்புறம் என்னைக் கேக்காத.”

ராஜமாணிக்கத்தின் வாயிலிருந்து டெஸ்டர் விழுந்தது. “கோபியா? ஹெலிகாப்டருக்கும் ஏரோபிளேனுக்கும் வித்தியாசம் தெரியாதுடீ அவனுக்கு!”

“உங்களுக்குத் தெரியுமாக்கும்,” என்றாள் அன்புச்செல்வி. சிரிப்பு போய்விட்டிருந்தது. “ரெண்டு பேருல ஒருத்தராவது பிளேன்ல ஏறியிருக்கீங்களா? காட்பாடி ஸ்டேஷனைத் தாண்டினது கிடையாது. மாடியில இருக்கிறவரு நிஜமாவே ஓட்டினவரு, அவரு வெந்நிதான் கேக்கறாரு. ரெண்டு வருஷமா சரசு இந்த வாசலுக்கு வந்து நின்னா உள்ள வரலாமா வேணாமான்னு யோசிக்கிறா. உங்களுக்கு அது தெரியலையா?”

அவர் முக்காலியிலிருந்து இறங்கி, கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. துண்டோடு நின்ற ஜெராரைப் பார்த்து, “சாரி சார். மை சிஸ்டர் டாட்டர் மேரேஜ்,” என்றார். ஜெரார் இரண்டு கையையும் கூப்பினார். அன்று அவர் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார்.

ஆட்டோவில் கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்போது எட்டரை தாண்டிவிட்டது. மண்டப வாசலில் மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு ராஜமாணிக்கம் படிக்கட்டுக்குக் கீழே நின்றார். அழைக்காமல் தாய்மாமன் படியேறக் கூடாது. அன்புச்செல்வி உள்ளே போய்ச் சேதி சொல்லும் வரை அங்கேயே நின்றார். பட்டு வேட்டியில் தசரதன் வெளியே வந்தார். இரண்டு வருஷத்தில் முன்மண்டை வழுக்கையாகிவிட்டிருந்தது. 

ராஜமாணிக்கம்தான் முதலில் வாயைத் திறந்தார். “சுகோய்தான் மாப்ள,” என்றார். “டேங்கு பெருசா இருந்தாத்தான் நின்னு சண்டை போட முடியும். நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காக இரண்டு வருஷம் காத்திருந்த மனுஷன், அது கைக்கு வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். “இல்ல மச்சான்,” என்றார் கடைசியில். “நானும் நிறைய வீடியோ பாத்தேன். கிட்ட வந்து மோதினா ரஃபேல்தான். எடை கம்மி பாரு.”

“அதெல்லாம் கிடையாது. சுகோய்தான்.”

“நான்தான் ரஃபேல்னு சொல்றேன்ல?”

“எனக்குத் தெரியாதா மாப்ள? ஒம்போது டன்னு!”

“ஒம்போது டன்னை வெச்சிக்கினு திரும்ப முடியுமான்னு கேக்கறேன்!”

குரல் ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஜன்னல் பக்கம் திரண்டார்கள். டீ குடித்துக்கொண்டிருந்த நாயனக்காரர் தம்ளரைக் கீழே வைத்தார். “அய்யோ, இப்ப மாத்தி மாத்தி ஆரம்பிச்சுட்டாங்களே!” என்று சரசு ஓடி வந்தாள். வந்தவள், பின்னாலேயே வேடிக்கை பார்க்க வந்த கோபியின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி அண்ணன் கழுத்தில் போட்டு, சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபிக்குப் பெரிய நிம்மதி. அப்போதே பந்தி இருக்கும் பக்கம் நகர்ந்துவிட்டார். மேளம் பிந்தித்தான் ஆரம்பித்தது.

மணவறையில் கீர்த்தனா அவரைப் பார்த்ததும், “இப்பத்தான் வழி தெரிஞ்சுதா மாமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் உதடு பிதுங்கிவிட்டது. ராஜமாணிக்கம் பட்டத்தை அவள் நெற்றியில் வைத்து, நூலைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோனார். அங்கே பூவும் ஜடைவில்லையுமாக ஒரே காடு. கண்ணில் நீர் நிரம்பி ஒன்றும் தெரியவில்லை. முதல் முடிச்சு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி போட்டார், மறுபடியும் வழுக்கியது. அப்போது பக்கத்திலிருந்து தடித்த விரல் ஒன்று வந்து முடிச்சை அழுத்திப் பிடித்தது. ராஜமாணிக்கம் யாரென்று நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் மேலேயே இரண்டாவது முடிச்சைப் போட்டார், மூன்றாவதையும் போட்டார், நன்றாக இறுக்கினார். இறுக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது, விரலையும் சேர்த்துக் கட்டிவிட்டார்.

அந்தப் பக்கமிருந்து புரோகிதர், “பொண்ணோட அப்பா வலது கையை நீட்டுங்கோ,” என்றார்.

“இருங்க சாமி,” என்றார் தசரதன். விரலை அவர் உருவவில்லை.